அம்சா தெருவில் கட்டிய ஸ்பீக்கர்

ஆடி மாதத்து வெயில் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அன்று சித்திரை தோற்றுப்போயிருக்கும். லைன் வீடுகளின் தெருமுனையில் நிற்கும் இரும்புக் கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறியிருந்தேன். ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் குழாய் ஸ்பீக்கரின் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இரும்பு சுட்டது. சட்டைக் கையை இழுத்துவிட்டு உள்ளங்கைக்கு அணை கொடுத்துக்கொண்டேன்.

கீழே தெருவில் ஈ, காக்கை இல்லை. எல்லோரும் கோயிலில் கூழ் வாங்கப் போயிருந்தார்கள். மூன்றாவது வீட்டுக் கதவு மட்டும் உள்பக்கம் தாழிட்டிருந்தது. நீலப் பெயின்ட் அடித்த தகரக் கதவு. அந்தக் கதவைப் பார்த்து ஸ்பீக்கரின் வாயைத் திருப்பி நட்டை முறுக்கினேன். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. மறுபடி இறங்கி, ஏணியைத் தள்ளிப் போட்டு ஏறி, நேராக்கினேன். என் வேலையில் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

அது நடந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. பழவேற்காட்டிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் நான் ஸ்பீக்கர் கட்டாத ஊர் இல்லை. கட்டியதற்காக இன்றுவரை வருத்தப்படுவது அந்த ஒன்றுக்குத்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில், ஜெனரேட்டர் காலை வாரிவிட்ட கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு கவரைப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “எல்லாத்தையும் சிரிக்கச் சிரிக்க எழுதறீங்க. உங்க மைக்செட்டால ஒருத்தர்கூட அழுததே இல்லியா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்தும் விட்டார். இதை எழுதாமல் வேறு எதையும் எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் தொழிலில் இரண்டு சட்டங்கள்

மைக்செட்காரன் என்றால் ஊரைச் செவிடாக்குகிறவன் என்று நினைப்பவர்கள் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும். எங்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. திருவிழாவுக்கு வண்டியிலிருந்து சாமான் இறக்கியதும் விழாக் குழுவிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை ட்யூப் லைட் வேண்டும் என்பது அல்ல. “இந்த வருஷம் எந்தெந்த ஊடு?” என்பதுதான்.

சாவு நடந்து ஒரு வருஷம் திரும்பாத வீடுகளைத்தான் கேட்கிறேன் என்பது அவர்களுக்குப் புரியும். அந்த வீடுகளில் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், கூழ் வார்க்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்து ஸ்பீக்கரைக் கட்டக்கூடாது. வாயை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் தொழில் தெரிந்தவன் மீறமாட்டான்.

ஒருமுறை பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு ஊரில், யாரும் சொல்லாததால் துக்க வீட்டுக்கு நேர் எதிரே கட்டிவிட்டேன். அந்த வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று ஏணியிலேயே நின்றுவிட்டேன். “நைனா, மூணு மாசம்தான் ஆவுது. கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கோ நைனா” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இரண்டாவது சட்டம் ஏழுமலை என்கிறவனால் வந்தது. பாடுகிறவர் உள்ளூர்க்காரர் என்றால், அவர் வீட்டுத் தெருவுக்கு என்று தனியாக ஒரு ஸ்பீக்கர் கட்ட வேண்டும். மைதானத்துக்கு வர முடியாத வீட்டு ஆட்களும் கேட்க வேண்டும் அல்லவா? ஏழுமலை ஆரம்பித்து வைத்தது, அப்புறம் நான் எல்லா ஊரிலும் செய்தேன். பல வீடுகளில் அதற்காகவே எனக்கு மோர் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு சட்டமும் ஒருநாள் ஒரே வீட்டு வாசலில் வந்து முட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“கொரலு என்னுதுண்ணா”

ஏழுமலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை பார்த்தான். நல்ல உயரம், அதைவிட நீளமான வாய். அவன் மனைவி அம்சா. ஊத்துக்கோட்டைப் பக்கம் நடவு வேலை செய்த குடும்பத்துப் பெண். அவர்களோடு இருந்தது ஏழுமலையின் அம்மா தேசம்மா. இந்த மூன்று பேர்தான் அந்த நீலக் கதவு வீடு.

அம்சா முதன்முதலில் மைக் பிடித்தது என் மைக்செட்டில்தான். கம்பெனியில் ஆயுத பூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தாரை கேட்டுக்குள் விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாசலில் உடைத்த பூசணிக்காய். பூஜை முடிந்து எல்லோரும் பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றார்கள். மைக் சும்மா நின்றது. ஏழுமலை தன் பெண்டாட்டியைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டான்.

அவள் மைக்கைக் கரண்டி பிடிப்பது போலப் பிடித்தாள். “இன்னா பாடறது?” என்று அவனைப் பார்த்துக் கேட்டது எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டு, ஒரே சிரிப்பு. பிறகு பாடினாள். பொரியை மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றுவிட்டது. அவள் குரல் இனிப்பான குரல் அல்ல. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் மேலே போகும்போது உடையவே உடையாது. வருஷக்கணக்காக மைக் வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது தெரியும்.

கீபோர்டு வாசிக்கும் ரத்தினம் அப்போது ஒரு கச்சேரிக் குழு நடத்திக்கொண்டிருந்தான். நான்தான் அவனிடம் சொன்னேன். அவன் வந்து கேட்டான், அன்றைக்கே சேர்த்துக்கொண்டான். நடவுப் பாட்டு மெட்டுக்களுக்கு அம்சாவே புதுசாக வார்த்தை போடுவாள். அதில் ஒன்று கும்மிடிப்பூண்டியையே தூக்கிச் சாப்பிட்டது. ஷிப்ட் முடிந்தும் வீடு வந்து சேராமல் டீக்கடையில் நின்றுவிட்ட புருஷனை மனைவி வம்புக்கு இழுக்கும் பாட்டு.

*ஆறு மணி சங்கு ஊதி*
*ஆளு எல்லாம் வந்தாச்சு*
*ஏரிக்கரை மேல வர்ற*
*எம் மாமன் சைக்கிள் காணலியே*

இதைக் கேட்டால் டீக்கடையில் நிற்கிறவனெல்லாம் டம்ளரை வைத்துவிட்டு விசில் அடிப்பான். எல்லோருக்கும் அது தங்கள் வீட்டுச் சண்டை.

இரண்டு வருஷம் போனதே தெரியவில்லை. எளாவூர், ஆரம்பாக்கம், பொன்னேரி என்று ஆரம்பித்து, அத்திப்பட்டில் அனல்மின் நிலைய ஊழியர்கள் குடியிருப்பு வரை கூப்பிட்டார்கள். எல்லை தாண்டி தடாவில்கூடப் பாடினாள், தெலுங்குக்காரர்கள் பாஷை புரியாமலே கை தட்டினார்கள். திருவிழா நோட்டீஸில் அவள் பெயர் முதலில் கடைசி வரியில் இருந்தது, பிறகு நடுவில் வந்தது, பிறகு போட்டோவோடு உச்சியில் ஏறியது. காலை லோக்கல் ரயிலில் ஏறினால் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

எல்லாக் கச்சேரியிலும் ஏழுமலை நிற்கும் இடம் ஒன்றுதான். மேடைக்கு எதிரே ஓரமாக ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். என் மேசைக்கு இடது பக்கம், மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பான். சும்மா நிற்கமாட்டான்.

“ட்ரெபிளக் கொஞ்சம் கொறைண்ணே. கீச்சுன்னு கீது.”

“டேய், மைக்செட் என்னுதா, ஒன்னுதா?”

“மைக்செட் ஒன்னுது. கொரலு என்னுதுண்ணா.”

பேஜாரு பிடித்தவன்தான். ஆனால் அவன் சொன்ன மாதிரி ட்ரெபிளைக் குறைத்தால் சரியாகத்தான் இருக்கும். இதை அவனிடம் நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

உள்ளூர்த் திருவிழாவில் அம்சா பாடினாலும் அவன் அம்மா தேசம்மா மட்டும் மைதானத்துக்கு வரமாட்டார். “மருமவ மேடை ஏறி பாடுவா, நா எதுர்ல குந்திக்கினு பாக்கணுமா?” என்பார். அதற்காகத்தான் ஏழுமலை ஒரு ஸ்பீக்கரைத் தன் சைக்கிளிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு போய், தெருமுனைக் கம்பத்தில் கட்டச் சொன்னான். “எங்கம்மா வராது. ஆனா கதவாண்ட நின்னு கேக்கும், எனக்குத் தெரியும். அம்சா பாடறப்ப மட்டும் அந்த ஒயரச் சொருகுண்ணா. மத்த நேரம் வேணாம்” என்றான். அப்படியே செய்தேன். மற்ற ஸ்பீக்கரெல்லாம் காலையிலிருந்து அலறும். அந்த ஒன்று மட்டும் அம்சா வாய் திறக்கும்போது பேசும்.

அடுத்த வருஷம் தேசம்மாவே மெதுவாக மைதானத்துக்கு வந்துவிட்டார். என் மேசைக்குப் பக்கத்தில் மகனோடு நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஐப்பசி

ஏழுமலைக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு ட்யூப் லைட்டும் பிளாஸ்டிக் சேரும் நான்தான் கொண்டுபோனேன். கல்யாணத்துக்கு இறக்கும் அதே சேர்தான். வண்டியிலிருந்து இறக்கும்போது ஒன்றைக் கீழே போட்டுவிட்டேன். தேசம்மா திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியில் அம்சாவுக்கு பேக்கிங் பகுதியில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். பாட்டை விட்டுவிட்டாள். தேசம்மாவுக்கு மகள் இருந்தாள், அம்சாவுக்கு அண்ணன் இருந்தான். மாமியாரும் மருமகளும் அவர்கள் வீட்டுக்குப் போகாமல் ஒன்றாகவே இருந்தார்கள். மாமியார், மருமகள் என்றால் நாம் சொல்லும் கதைகள் வேறு. அந்த வீட்டில் ஒருத்தி சாப்பிடாமல் இன்னொருத்தி சாப்பிடமாட்டாள். ஒரே மனுஷனை இழந்தவர்கள், அதனால் ஒருத்தியை ஒருத்தி விடவில்லை.

ஆடி வந்தது. செல்போனில் வரும் அழைப்புக்குக் காசு கிடையாது என்று ஆன புதிது, எல்லோரும் தயங்காமல் எடுத்துப் பேசினார்கள், அதனால் ரத்தினம் எல்லோரையும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தொழிற்பேட்டைக்குப் பின்னால், அம்சா வீடு இருக்கும் ஊரிலேயே எல்லையம்மன் திருவிழா. நாட்டுப்புறப் பாட்டை சி.டி. போட்டு விற்கும் ஆள் ஒருவர் பட்டணத்திலிருந்து வரப்போகிறார், அம்சா பாட்டைக் கேட்கத்தான் வருகிறார், பிடித்துப்போனால் சி.டி.யும் உண்டு, வெளியூர் மேடைகளும் உண்டு. “இந்த ஒரு தபா வுட்டா அவரு வேற ஆளப் பாத்துக்குவாரு. அப்பறம் பேக்கிங்லதான் காலத்த ஓட்டணும்” என்று ரத்தினம் அவளிடம் சொல்லியிருக்கிறான். அது உண்மையும்கூட.

வெள்ளிக்கிழமை அம்சா என் கடைக்கு வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் டிபன் பை.

“பாடறேன்னு சொல்லிட்டேண்ணா.”

“நல்லது பண்ணேமா. அவனும் அதத்தான் சொல்லியிருப்பான்.”

“எங்க தெருவுக்கு மட்டும் கொழா வேணாம்ணா. வருஷம் திரும்பல.”

“சரிமா” என்றேன்.

சரி என்று சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லா ஸ்பீக்கரையும் கட்டிவிட்டேன், கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. மனசு கேட்கவில்லை. மாமியார் சம்மதம் இல்லாமல் அம்சா மேடை ஏறமாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கூச்சத்தில் வேண்டாம் என்கிறாள் என்று அதையும் நானே முடிவு செய்துகொண்டேன். துக்க வீட்டுக்கு ஆகாதது அடுத்தவர் பாட்டுத்தானே, அந்த வீட்டுப் பெண்ணின் குரல் எப்படி ஆகாமல் போகும்? ஏழுமலை இருந்திருந்தால் கட்டச் சொல்லியிருப்பான். இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

தேசம்மாவிடம் அம்சா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பாட்டு நின்ற இடம்

கச்சேரி ஐந்து மணிக்கு. மைதானத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. டெல்லி அப்பளம் பொரிக்கும் வாசனை, நடுநடுவே காற்று திரும்பினால் தொழிற்பேட்டையின் மருந்து நெடி. கூழ் குடித்த தெம்பில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பட்டணத்து ஆள் முதல் வரிசையில், குழுத் தலைவருக்குப் பக்கத்தில்.

மேடைக்குப் பின்னால் அம்சாவை நிறுத்திவைத்து விழாக் குழுத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். “அம்மன் மேடைமா இது. வெறும் நெத்தியோட ஏற வேணாம். ஊர்ல ஆயிரம் பேசுவாங்க.” அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். குழுவில் இருந்த இன்னொரு பாடகி தன் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினாள், கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி வைத்துவிட்டாள். அம்சா என் பக்கம் பார்த்தாள். மேடை ஒயரைச் சரிபார்க்க வந்திருந்த நான் வேலை இருப்பது போலக் குனிந்துகொண்டேன்.

முதலில் அம்மன் பாட்டு. அவள் மைக் முன்னால் வந்ததும் அந்தத் தனி ஒயரை எடுத்துச் சொருகினேன். ஒன்பது மாதம் வாய் திறக்காத குரல் என்று சொல்லவே முடியாது. இரண்டாவது பாட்டுக்குப் பட்டணத்து ஆள் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். ரத்தினம் கீபோர்டிலிருந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

“சங்குப் பாட்டு! சங்குப் பாட்டு!” என்று கூட்டம் கத்தியது.

அம்சா வேண்டாம் என்று தலையாட்டினாள். கூட்டம் விடவில்லை. பட்டணத்து ஆளும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாடு என்று கையைக் காட்டினார். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். நாங்கள் கேட்டுப் பழகிய வேகத்தில் இல்லை, நிதானமாக எடுத்தாள். வம்புப் பாட்டு வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது. விசில் அடித்தவன்கூட நிறுத்திவிட்டான்.

அப்போது தேசம்மா வந்தார்.

வளையல் கடைகளுக்கு நடுவே ஓடிவந்தார். காலில் செருப்பு இல்லை, முந்தானை தரையில் புரண்டது, முடிந்த தலை அவிழ்ந்துவிட்டது. மேற்கு வெயில் அவருக்குப் பின்னால் இருந்ததால் முகம் எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மேடைக்குத்தான் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

இடது பக்கம் வந்து நின்று என்னையே பார்ப்பது போல இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மூச்சு வாங்கியது. ஸ்பீக்கரைக் கட்டியவன் யார் என்று கண்டுபிடித்துவிட்டு வந்திருக்கிறார், ஊரார் முன்னால் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அந்த ஒயரைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனேன்.

“ஏரிக்கரை மேல வர்ற...” என்று பாடிக்கொண்டிருந்த அம்சா நிறுத்திவிட்டாள்.

தபேலா கொஞ்ச தூரம் தனியாகப் போய்விட்டு அதுவும் நின்றது. அம்சா எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். மைக்கைக் கீழே வைத்தாள், அந்தச் சத்தம் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. படி இறங்கி வந்து மாமியாரின் கையைப் பிடித்தாள். அம்சா பொட்டும் பூவுமாக அப்படியே இருக்க, இருவரும் ராட்டினத்தைக் கடந்து, கூட்டத்துக்கு நடுவே நடந்து போனார்கள்.

“புருசன் செத்து வருசம் ஆவல, பூ கேக்குதா?” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. பட்டணத்து ஆள் இன்னும் இரண்டு பாட்டு கேட்டார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஒளிந்து திரிந்தேன்

கச்சேரி முடிந்ததுமே ரத்தினத்தை ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடிப்போய் அந்த ஸ்பீக்கரை அவிழ்த்துவிட்டேன். நீலக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை, அழுகைச் சத்தமும் இல்லை. திருடனைப் போல ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அம்சா அதற்குப் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை. ரத்தினம் இரண்டு முறை போய்க் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்த நோட்டீஸில் அவள் போட்டோ இருந்த இடத்தில் வேறு ஒரு பெண் இருந்தாள். வளர்ந்து வந்த பெண்ணின் வேரில் வெந்நீர் ஊற்றியவன் நான்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். கும்மிடிப்பூண்டி பஜாரில் அவளைத் தூரத்தில் பார்த்தால் ஏதாவது ஒரு கடைக்குள் புகுந்துகொள்வேன். ஒருமுறை அப்படிப் புகுந்தது ஃபேன்சி ஸ்டோர். வேறு வழியில்லாமல் ஒரு சீப்பு வாங்கினேன். எனக்குத் தலையில் முடி கிடையாது.

கார்த்திகையில் ஒருநாள் காலை தேசம்மா கடைக்கே வந்துவிட்டார். ஓட வழியில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

“நாஷ்டா ஆச்சாப்பா?” என்று விசாரித்தார். பிறகு, “வருஷம் திரும்பிடுச்சிப்பா. அவளப் பாடச் சொல்லு. நா சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்றா” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “யம்மா, நீங்கதானே அன்னிக்கு கோவமா வந்து...”

“கோவமா? ஆரு மேல?”

“பாட வந்துட்டான்னு...”

“அவ பாடறதுக்கு நா இன்னாத்துக்குப்பா கோச்சிக்கப் போறேன்?” என்றார். “அன்னிக்கு நா தூங்கிட்டேன். தூக்கத்துல கம்பத்துக் கொழாவுல அவ கொரலு கேட்டுச்சி. அந்தக் கொழா எம்புள்ள சொன்னாதானே பேசும்? ஏழுமல கட்டச் சொல்லிகீறான், மைதானத்துல நிக்கறான், ஏம்மா வரலன்னு கேப்பான்னு எழுந்து ஓடியாந்தேன். அவன் பூட்டது எனக்கு நெனப்பே இல்லப்பா. ஒன் மேசையாண்ட வந்து, அவன் நிக்கற எடத்தப் பாத்தப்பறம்தான் நெனப்பு வந்துச்சி.”

அன்று அவர் பார்த்தது என்னை அல்ல. எனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தை. பெற்ற பிள்ளையை அந்த அம்மா இரண்டாவது முறை பறிகொடுத்தார், அதைச் செய்தவன் நான். கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தேசம்மாதான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “நீ இன்னா பண்ணுவே, அவன் சொன்னதத்தானே செஞ்சே” என்றார்.

கம்பெனி கேட்டில்

அன்று மத்தியானமே தொழிற்பேட்டைக்குப் போனேன். இனி ஒளிந்து என்ன ஆகப்போகிறது? மூன்று மணி ஷிப்ட் விட்டது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள், அம்சா கடைசியில் வந்தாள். என்னைப் பார்த்ததும் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் புங்கமரத்தடியில் நின்றாள்.

“அம்சா, அந்தக் கொழாவ நாந்தான் கட்டினேன். நீ வேணாம்னு சொல்லியும் கட்டினேன்.”

“தெரியும்ணா. அத்தை அன்னிக்கே சொன்னாங்க.”

“அவங்க ஒன்னத் திட்டறதுக்கு வரல. ஏழுமலயத் தேடிக்கினு...”

“அதுவும் தெரியும்.”

“அப்பறம் இன்னாமா? வருஷமும் திரும்பிடுச்சி. அவங்களே பாடுன்றாங்க. அன்னிக்கு அவங்களப் பாத்து பயந்து நிறுத்திட்டே, சரி. அதுக்காக...”

“பயந்தா?” என்றாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நீ அத்தை மூஞ்சியப் பாக்கலண்ணா. நா மேலேர்ந்து பாத்தேன். சிரிச்சிக்கினே ஓடியாந்தாங்க. அவரு ஷிப்ட் முடிஞ்சி வர்றப்ப கதவாண்ட நின்னு சிரிப்பாங்களே, அந்தச் சிரிப்பு. அவரு போனதுலேர்ந்து அத நா பாக்கவேயில்ல. அதப் பாத்தவொடனே நானும் நம்பிட்டேண்ணா, வந்துட்டாருன்னு. பாட்ட வுட்டுட்டு ஒன் மேசையாண்ட பாத்தேன்.”

டிபன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அங்க நீ மட்டும் ஒக்காந்துக்கினு இருந்தே.”